இடுப்பில் கயிறு கட்டாதீர்கள்: சேலத்து வெள்ளக் கேள்விகளும் பதில்களும்

தீயணைப்பு மீட்புப் பணியில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலம் நெருங்குகிறதே என்று, வெள்ள மீட்பு பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் எனச் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில். யார் ஆட்சியில் சாக்கடை தூர் வாரவில்லை என்ற பஞ்சாயத்துக்கு நான் ஆள் இல்லை.

கொண்டலாம்பட்டி வாசகர்: மேட்டூர் அணை நிரம்பிவிட்டது, உபரி நீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தாலே வீட்டில் பயப்படுகிறார்கள். சேலம் மூழ்குமா ஐயா?

மூழ்காது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்று சொல்வது அணைக்குள் இருக்கும் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் அது 790 அடி, அதாவது சுமார் 241 மீட்டர். சேலம் நகரம் இருப்பது சுமார் 278 மீட்டரில். தளும்பி நிற்கிற அணையை விட நாம் மேலே இருக்கிறோம். திறந்துவிடும் தண்ணீர் காவிரியில் தெற்கே போகிறது. பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அது.

நமக்கு வெள்ளம் வருவது ஏற்காட்டிலிருந்து. சேர்வராயன் மலை நகரத்தின் தலைக்கு மேல் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அங்கே கொட்டுகிற மழை திருமணிமுத்தாற்றிலும் ஓடைகளிலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததும் இங்கே ஆறு பெருகியதும் நினைவிருக்கும். அதனால் மேட்டூர் நீர்மட்டத்தை விடுங்கள். ஏற்காட்டில் எத்தனை சென்டிமீட்டர் மழை என்று பாருங்கள்.

நாராயண நகரிலிருந்து ஓர் அம்மா: ராத்திரியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால் முதலில் என்ன செய்வது? மாமியாருக்கு நடக்க முடியாது.

முதலில் கரண்ட். தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே, கால் ஈரமாவதற்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். அதோடு முடியவில்லை. இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயினை அணைத்தாலும் அது பாட்டுக்கு ஸ்விட்ச் போர்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அதையும் அணைக்க வேண்டும். ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் எதையும் தொடாமல் வெளியேறுங்கள்.

மாமியார் விஷயம். வெளிச்சம் இருக்கும்போதே, மழை வலுப்பதற்கு முன்பே அவரை மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ கொண்டுபோய் விடுங்கள். ‘பாத்துக்கலாம், போன வருஷம் வாசலோட நின்னுடுச்சே’ என்று உட்கார்ந்திருந்த வீடுகளுக்குத்தான் நாங்கள் நடு இரவில் போயிருக்கிறோம். தூக்க வேண்டி வந்தால் கையில் ஏந்தாதீர்கள். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவர் முதுகுப் பக்கமும் ஒருவர் கால் பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். முன்னால் ஒருவர் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போகட்டும். மூடி இல்லாத சாக்கடைக் குழி தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. மாத்திரைகள், ரேஷன் கார்டு, போன் மூன்றையும் ஒரே பையில் போட்டு முடிந்து வையுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்?

தீயணைப்பு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. தெருப்பெயரோடு பக்கத்தில் இருக்கும் கோயில், ரேஷன் கடை என ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். ‘எங்க வீட்டாண்ட வாங்க’ என்றால் எங்கே வருவது?

அம்மாபேட்டை தறிக்காரர்: குழித்தறி இரண்டு, விசைத்தறி நான்கு. தண்ணீர் வந்தால்?

குழிதான் முதலில் நிரம்பும். பாவு நூலை அவிழ்த்துப் பரணில் ஏற்ற நேரம் இருந்தால் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். விசைத்தறி மோட்டார் நனைந்திருந்தால், தண்ணீர் வடிந்ததும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள். நனைந்த நூலைப் பற்றி என்னை விட உங்களுக்கே அதிகம் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை: அமிலக் கேன்கள் இருக்கின்றன.

நல்லவேளை கேட்டீர்கள். தரையில் வைக்காதீர்கள். பாதி காலியான கேன் மிதக்கும், மிதந்துபோய்ச் சுவரில் மோதி உடையும். மார்பு உயரத்துக்கு மேல், மூடி இறுக்கி, சாயாதபடி கட்டி வையுங்கள். மீட்க வருபவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே, உள்ளே அமிலம் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர்: நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மீட்புக் குழு ஆரம்பித்திருக்கிறோம். நல்ல தடிமனான கயிறு வாங்கிவிட்டோம். இறங்குபவர் இடுப்பில் எந்த முடிச்சுப் போட வேண்டும் அண்ணா?

எந்த முடிச்சும் வேண்டாம் தம்பி. ஓடும் தண்ணீரில் இறங்குபவன் இடுப்பில் கயிறு கட்டக் கூடாது. இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கேள்வி பதிலுக்கே ஒப்புக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. சரபங்கா ஆற்றுப் பக்கம் ஒரு தரைப்பாலம், அதற்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. நடுவில் நின்றுபோன லாரியின் கூரை மேல் கிளீனர் பையன். எங்கள் ஆள் ஒருவர் இடுப்பில் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கரையில் நான்கு பேர் பிடித்துக்கொண்டோம், அதில் நானும் ஒருவன். எட்டு அடி போயிருப்பார், கால் வழுக்கியது. நாங்கள் பதறிப்போய் இழுத்தோம். இழுக்க இழுக்க அவர் தலை தண்ணீருக்குள் போனது. கயிறு அவரை நிறுத்திப் பிடிக்கிறது, முதுகில் ஆறு ஏறி மிதிக்கிறது. நாங்கள் இன்னும் பலமாக இழுக்கிறோம்! ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் ஓடி வந்து, ‘கயித்த விடுங்கடா பாவிகளா’ என்று என் கையிலேயே அடித்தார். விட்டோம். முப்பது அடி தள்ளி வளைவில் ஒதுங்கி, கருவேல மரத்தைப் பிடித்து எழுந்தார். நனைந்து இறுகிய முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியவில்லை, அந்தப் பெரியவரின் அரிவாளால்தான் அறுத்தோம். இடுப்பைச் சுற்றிக் கயிற்றுத் தடம் ஒரு வாரம் இருந்தது.

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். ஓடுகிற நீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், ஒரு அடி சின்னக் காரை நகர்த்தும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளைக் கொண்டுபோய்விடும். மூங்கில் கழியை நீட்டுங்கள், மிதவையை வீசுங்கள், கயிற்றை வீசுங்கள். இறங்குவது கடைசி வழி. அதுவும் லைஃப் ஜாக்கெட்டோடு, பழகியவர்கள் மட்டும்.

ஆத்தூர் வாசகர்: மன்னிக்கணும் ஐயா, ஒத்துக்க முடியவில்லை. வசிஷ்ட நதியில் வெள்ளம் வந்தபோது இடுப்பில் கயிறு கட்டித்தான் ஐந்து பேரையும் பதினோரு ஆட்டையும் கரை சேர்த்தோம். கயிறு இல்லாமல் எவன் இறங்குவான்?

எவனும் இறங்க வேண்டாம் என்றுதானே சொல்கிறேன்! உங்கள் துணிச்சலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று யாருக்கும் கால் வழுக்கவில்லை, அவ்வளவுதான். வழுக்கியிருந்தால் கதையைச் சொல்ல வேறு ஆள் வந்திருப்பார்.

ஆத்தூர் வாசகர் மறுபடியும்: தெருவில் இடுப்பளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது. அங்கேயும் கட்டக் கூடாதா?

இது நியாயமான கேள்வி. நிற்கிற தண்ணீரில் கயிறு ஆளைக் கொல்லாது, அங்கே பயம் குழியும் கரண்டும்தான். நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வேப்பிலையைப் போடுங்கள். இலை நீங்கள் நடக்கிற வேகத்தில் போனால் இறங்காதீர்கள். தெருவில் நிற்கிற தண்ணீர், சந்து முனையில் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

பூலாம்பட்டி பரிசல்காரர்: ஆத்தூர்காரர் சொல்வதில் பாதி சரி. நாங்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வோம், இடுப்பில் கட்ட மாட்டோம்.

கையில் சுற்றுவதும் வேண்டாம், இழுத்தால் விரல் போகும். பிடியுங்கள், சுற்றாதீர்கள். வெள்ளம் வந்தால் பரிசலோடு வருவீர்களா? தேங்கின தெருவுக்கு நல்ல வாகனம். காம்பவுண்டுச் சுவரின் கம்பி அடியில் கிழிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓமலூர் வாசகர்: மேட்டூர் திறந்தால் எங்களுக்கு...

முதல் பதிலைப் படியுங்கள்.

ஏற்காடு, காபித் தோட்டத் தொழிலாளி: எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஓடை. மழையில் அது திடீரென்று குறைந்தால் நல்லதுதானே?

இல்லை கண்ணு, அதுதான் மோசம். கொட்டுகிற மழையில் ஓடை குறைகிறது என்றால் மேலே மண்ணோ மரமோ விழுந்து அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் சேறும் பாறையும் சேர்ந்து வரும். தெளிந்த தண்ணீர் சட்டென்று செம்மண்ணாக மாறுவது, சில்வர் ஓக் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்வது, தரையில் புதுசாக வெடிப்பு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். ஓடையோடு கீழே இறங்காதீர்கள், பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதை அடைபட்டால் குப்பனூர் பாதை இருக்கிறது. ஆனால் அதுவும் மலைப்பாதைதான், போலீஸிடம் கேட்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

கிச்சிப்பாளையம் வாசகர்: வெள்ளத்தில் வந்த பாம்பு கடித்தால்?

கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோ. பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம்.

பள்ளப்பட்டி வாசகர்: வெள்ளம் வடிந்தபின் இழப்பீடு எங்கே கேட்பது?

கிராம நிர்வாக அலுவலரிடம். வீட்டைக் கழுவும் முன் போட்டோ எடுங்கள். கழுவும் முன் மெயின் அணைந்திருக்கிறதா, இன்வெர்ட்டர் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாரமங்கலம் வாசகர்: மேட்டூர் 120 அடி ஆகிவிட்டதாமே?

சந்தோஷம். டெல்டாவில் நெல் விளையும்.

ஆத்தூர் வாசகர், மூன்றாம் முறை: சரி ஐயா, நீங்களே ஜெயித்தீர்கள். வீசுவதற்கு என்ன கயிறு வாங்கட்டும்?

தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு, இருபது மீட்டர். நைலான் கயிறு முழுகிவிடும். ஒரு துணிப்பையில் தளர்வாகத் திணித்து, நுனியில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் கட்டுங்கள், வீச கனம் வேண்டும் என்பதால் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும். ஆளுக்கு மேல் தாண்டி விழும்படி வீசுங்கள். அவர் மல்லாந்து, கயிற்றைத் தோள் மேல் போட்டு நெஞ்சோடு பிடிக்கட்டும். இழுக்க வேண்டாம், நீங்கள் அசையாமல் நின்றால் தண்ணீரே அவரைக் கரைக்கு ஒதுக்கும். முதலில் பள்ளி மைதானத்தில் ஒரு செங்கல்லை வைத்துப் பழகுங்கள். பத்துக்கு ஏழு முறை விழுந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.