பீரோவில் வைத்த புத்தகம்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் நந்தனம் புத்தகக் காட்சியில் 'ஸ்பீக்' என்கிற ஆங்கில நாவலை வாங்கி வந்தாள். நானும் படித்தேன். கெடுக்கப்பட்ட ஒரு பெண் வருஷம் முழுக்க வாயே திறக்காமல் இருக்கிறாள். அன்றைக்கே அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே? இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். செய்தது சரிதானே?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சரியில்லை அம்மா.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999இல் எழுதிய நாவல் அது. அதில் வரும் மெலிண்டாவும் உங்கள் மகளைப் போல ஒன்பதாவதுதான். வாயே திறக்கவில்லை என்கிறீர்கள். இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். சம்பவம் நடந்த இரவே, அது நடந்த விருந்து வீட்டிலிருந்தே போலீசுக்குப் போன் போட்டவள் அவள். போனைக் கையில் எடுத்துவிட்டாள், பேச்சு வரவில்லை. போலீஸ் வந்தது, விருந்து கலைந்தது. போட்டுக்கொடுத்தவள் என்று பள்ளிக்கூடமே அவளை ஒதுக்கியது. எதற்காகப் போன் பண்ணினாய் என்று மாதக்கணக்கில் அக்கறையாக யாரும் கேட்கவில்லை.

கடித்துக் கடித்து உதடு புண்ணாகிக் கிடக்கிறது. மார்க் சரிகிறது. அப்பாவும் அம்மாவும் சமையலறை மேடையில் சீட்டு எழுதி வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். கெட்டவர்கள் இல்லை. மார்க்குக்காகச் சத்தம் போடுகிறார்கள், அந்த உதடு ஏன் இப்படி ஆனது என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்கவில்லை. கடைசியில் அவள், தன்னிடம் அந்தத் தப்பைச் செய்தவன் பெயரைப் பள்ளிக் கழிவறைச் சுவரில் எழுதுகிறாள், இவனிடம் ஜாக்கிரதை என்று. சில நாள் கழித்துப் போனால், கீழே வேறு வேறு கையெழுத்தில் மற்றப் பெண்களும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. 'கெடுக்கப்பட்ட பெண்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, நம் பத்திரிகைகளும் சினிமாவும் பல வருஷமாகப் புழங்கிய சொல்தான். ஆனால் அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, 'நான் கெட்டுப்போய்விட்டேன்' என்று அம்மாவிடம் எப்படி வந்து சொல்வாள்? தப்புச் செய்தவன் அவன். கெட்டுப்போனதாகப் பெயர் மட்டும் இவளுக்கு. அப்புறம், 'பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு' என்று அஞ்சு வயசிலிருந்து வாயை மூடச் சொல்லிவிட்டு, பதினாலு வயசில் ஏன் பேசவில்லை என்று கேட்கிறோம்.

திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த ஒண்டிக்குடித்தனத்தில், எதிர் போர்ஷன் பெண் ஒருத்தி இருந்தாள். குழாயடியில் அவள் குரல்தான் முதலில் கேட்கும். ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு குடத்தை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்து நிற்பாள். தண்ணீர் வழிந்து ஓடும், அவளுக்குத் தெரியாது. 'இப்பதான் பொண்ணுக்கு அடக்கம் வந்திருக்கு' என்று பெரியவர்கள் மெச்சினார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டது மட்டும் மனசில் நிற்கிறது.

இது அமெரிக்கக் கதை, நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒருவிதப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் ஆண் பிள்ளைகளும் ஏறத்தாழ சரிபாதி. பெரும்பாலோர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பீரோவைத் திறந்து புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள். நானும் படித்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். உடனே பாடம் நடத்த வேண்டாம். என்றைக்காவது அவள் தன்னைப் பற்றியோ, தோழியைப் பற்றியோ ஏதாவது சொல்ல வந்தால், 'நீ ஏன் அங்கே போனே' என்று ஆரம்பிக்காதீர்கள். கையில் இருக்கும் கரண்டியை வைத்துவிட்டுக் கேளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தபின் புகார் செய்யவேண்டிய கடமை பெரியவர்களான நம்முடையது. வாக்குமூலம் வாங்க போலீஸ் சீருடை இல்லாமல்தான் வரவேண்டும், வீட்டிலேயே வாங்கலாம், கூடுமானவரை பெண் அதிகாரியாக இருக்கவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணை உங்கள் மகளுக்கும் சொல்லிவையுங்கள்.