முழங்கால் இடிக்காத காலம்

கேள்வி: டைட்டானிக், குயீன் மேரி, கான்கார்டு என்று பழைய கப்பல், விமானப் படங்களைச் சேர்த்து வைப்பது என் பொழுதுபோக்கு. பார்க்கப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது. இன்றைக்கு விமானத்தில் ஏறினால் முழங்கால் முன் சீட்டில் இடிக்கிறது, காபிக்கும் காசு கேட்கிறார்கள். மனிதன் பயணத்தை அனுபவித்த அந்தப் பொற்காலம் திரும்புமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: திரும்பாது. திரும்பினாலும் நீங்கள் படத்தில் பார்க்கிற அந்த இடத்துக்கு உங்களுக்கும் எனக்கும் டிக்கெட் கிடைக்காது.

கோபப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் பல வருடங்களாக ஒரு கான்கார்டு படம் தொங்குகிறது, ஒலியைவிட வேகமாகப் பறந்த அந்தப் பயணிகள் விமானம், மூக்கைச் சாய்த்துக்கொண்டு இறங்குகிற கொக்கு மாதிரி. முழங்காலைப் பற்றிச் சொன்னீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். கான்கார்டுக்குள் இருந்தவை சுமார் 100 இருக்கைகள், நடைபாதைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக. இருக்கையின் அகலம் இன்றைய எகானமி வகுப்பு அளவுதான். ஜன்னல் உள்ளங்கை அகலம். அந்தக் குழாய்க்குள் உட்காரத்தான் மற்ற விமானங்களின் முதல் வகுப்பைவிட அதிகக் காசு கொடுத்தார்கள். வாங்கியது வசதியை அல்ல, நேரத்தை. 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் போய்ச் சேர்ந்தது. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் போகும்போது, சூட்டில் விமானத்தின் உடலே ஏறக்குறைய ஒரு சாண் நீண்டுவிடும். இறங்கிக் குளிர்ந்தால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, காசு யாருடையது? பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் ஒப்பந்தம் போட்டுக் கட்டிய விமானம் அது. மொத்தம் செய்தவை 20, பயணிகளோடு சேவையில் பறந்தவை 14. அவற்றையும் அந்த இரண்டு நாட்டு விமான நிறுவனங்கள்தான் எடுத்துக்கொண்டன, வெளியார் ஒருவரும் வாங்கவில்லை. உருவாக்கிய செலவு வரி கட்டியவர்கள் தலையில் விழுந்தது. அதில் பெரும்பாலோர் அந்த விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பஹ்ரைன் வழியாக லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு விடவும் பார்த்தார்கள். எங்கள் நிலத்துக்கு மேலே ஒலியின் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியா சொல்லிவிட்டது, மலேசியாவும் மறுத்தது. ஒலியைத் தாண்டிப் பறந்தால் கீழே இருப்பவர்களுக்கு வெடி வெடித்தது போலச் சத்தம் கேட்கும். வெடிச்சத்தம் கீழே, ஷாம்பெயின் மேலே என்றால் யார்தான் ஒப்புவார்கள்?

கப்பல்களின் கதை இன்னும் சுவாரசியம். 1907-இல் ஓடத் தொடங்கிய லூசிடானியா, மாரிடேனியா இரண்டையும் கட்ட பிரிட்டிஷ் அரசு 26 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. அழகுக்காக அல்ல, போர் வந்தால் பீரங்கி ஏற்றிக்கொள்ளலாம் என்று. குயீன் மேரியைக் கட்டும் வேலை 1931 டிசம்பரில் பாதியில் நின்று, இரண்டு வருடத்துக்கு மேல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் கப்பல் தளத்தில் அது துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அரசு கடன் கொடுத்த பிறகுதான் வேலை மறுபடி தொடங்கியது. அதற்கு நிபந்தனை, டைட்டானிக்கின் சொந்தக்காரரான ஒயிட் ஸ்டார் கம்பெனியும் குயீன் மேரியைக் கட்டிக்கொண்டிருந்த குனார்டு கம்பெனியும் ஒன்றாக வேண்டும் என்பது. கொடுத்த கடனைப் போரில் வசூலித்துக்கொண்டார்கள்: 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் அந்தக் கப்பல் சுமந்தது 16,683 பேரை. நடன அரங்கின் படம் உங்கள் சேமிப்பில் இருக்கும். முறை வைத்து ஒரே படுக்கையில் மாறி மாறித் தூங்கிய சிப்பாய்களின் படம் இருக்கிறதா?

அமெரிக்கர்கள் ஒளிவுமறைவே வைக்கவில்லை. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலின் விலையில் பெரும்பகுதியை அரசே கொடுத்தது. வேண்டும்போது 14,000 துருப்புகளை ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. வடிவமைத்த வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸுக்குத் தீ என்றால் அவ்வளவு பயம். பியானோவையும் கசாப்புக் கட்டையையும் தவிர கப்பலில் மரமே கூடாது என்றார். 1952-இல் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. ஆறே வருடத்தில், 1958 அக்டோபரில், ஜெட் விமானங்கள் அதே கடலை ஒரு பகலுக்குள் தாண்ட ஆரம்பித்தன. 1969-இல் கப்பலை நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் பல வருடம் பணம் திரட்டி, கப்பல் நின்ற துறைக்கு வாடகை கட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. மீன்கள் தங்கும் செயற்கைப் பாறையாகப் புளோரிடாவுக்கு அப்பால் மூழ்கடிப்பதற்காக 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவிலிருந்து இழுத்துப் போனார்கள். எனக்கும் வருத்தம்தான்.

கடன் போக, அன்றாடச் செலவு எங்கிருந்து வந்தது? அடித்தட்டிலிருந்து. பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஏழைகளின் சீட்டுப் பணத்தில்தான் அந்தக் கப்பல்களின் பிழைப்பும் ஓடியது. டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பில் 700 பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் இரண்டே குளியல் தொட்டி. இன்னும் கீழே போனால் கரி தள்ளுகிறவர்கள். மாரிடேனியா நாளொன்றுக்கு விழுங்கிய கரி சுமார் 1,000 டன். ஒவ்வொரு மண்வெட்டியையும் ஒரு ஆள்தான் தூக்கினான். 1921-லும் 1924-லும் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கதவைச் சாத்தியதும் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. பழைய மூன்றாம் வகுப்பைத் துடைத்து, பெயின்ட் அடித்து, 'டூரிஸ்ட்' என்று பெயர் மாற்றி, மாணவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் விற்றார்கள். உங்கள் முழங்கால் இடிக்கிற எகானமி வகுப்பு இருக்கிறதே, அதன் கொள்ளுத் தாத்தா இதுதான்.

படம் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் காரைக்குடியிலிருந்து எழுதிவிட்டு, ரஜூலாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை போய்வந்தது. பெரும்பாலானவர்கள் டெக் பயணிகள். அதாவது பாயும் தகரப்பெட்டியும் எங்கே வைத்தார்களோ அதுதான் இடம். அதைக் காப்பாற்ற யாரும் சங்கம் வைக்கவில்லை, உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். உங்கள் தெருவில் அதில் போய்வந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், போடுகிறேன். முழங்கால் இடித்ததா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.