மகன் வாக்களிக்கவில்லை, பெயர் பதிவேட்டில் இருக்குமா?

கேள்வி: 2025 மே மாதச் சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலின்போது என் மகன் பெர்த்தில் படித்துக்கொண்டிருந்தான், வாக்களிக்கவில்லை. இப்போது படிப்பை முடித்துத் திரும்பிவிட்டான். "அடுத்த தேர்தல் 2030இல்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான். மகளுக்கு அடுத்த மாதம் 21 வயது நிறைகிறது. அவள் பெயரை எங்கே போய்ப் பதிவது? மாமியாருக்கு வயது 79, சக்கர நாற்காலியில் இருக்கிறார். "ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் தெருவிளக்குக்கு யாரைக் கேட்பது என்று தெரியும். இங்கே என் ஒரு ஓட்டு எந்த மூலைக்கு?" என்று கேட்கிறார். வாக்குச்சீட்டில் எண் இருப்பதால் யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடும் என்ற பயமும் அவருக்கு உண்டு. இந்த மூவரையும் எப்படி வாக்களிக்க வைப்பது?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் வீட்டில் அவசரம் மகளுக்கும் இல்லை, மாமியாருக்கும் இல்லை, மகனுக்குத்தான். சிங்கப்பூரில் வாக்காளர் பதிவேட்டில் ஏறுவது எளிது. அதிலிருந்து விழுவது அதைவிட எளிது. விழுந்தவருக்குத் தான் விழுந்ததே பல நேரம் தெரிவதில்லை.

ஆசிரியராக இருந்த காலத்தில் சில தேர்தல்களில் வாக்களிப்பு நிலையப் பணிக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு முறை காலை பத்து மணி வாக்கில் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள். கோவிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருப்பார்கள் போலும், அப்பாவின் நெற்றியில் விபூதி காயவில்லை. மற்ற மூவரின் பெயரும் இருந்தது, அவர் பெயர் மட்டும் இல்லை. விசாரித்தால், முந்தைய தேர்தலின்போது தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தாராம். அதன்பின் அந்த நினைப்பே இல்லை. நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மனைவியும் பிள்ளைகளும் உள்ளே போய் வரும்வரை அவர் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாக்களிக்காவிட்டால் வழக்கு வரும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஆபத்து என்றெல்லாம் காப்பிக்கடையில் சொல்லும் கதைகளை நம்ப வேண்டாம். நடப்பது இதுதான்: தேர்தல் முடிந்ததும் வாக்களிக்காதவர்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்டவர் அடுத்து வரும் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது, வேட்பாளராகவும் நிற்க முடியாது. பெயரைத் திரும்பச் சேர்க்கும்வரை இதே நிலைதான். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒன்று, அதிபர் தேர்தலுக்கு வேறொன்று என்ற பாகுபாடும் இல்லை. 2023 அதிபர் தேர்தலில் வாக்களிக்காமல் இருந்துவிட்டு, 2025 பொதுத் தேர்தல் வந்ததும் "என் பெயர் எங்கே?" என்று கேட்டவர்களை எனக்கே தெரியும்.

"2030இல் பார்க்கலாம்" என்கிற உங்கள் மகன் இந்த இடத்தில்தான் கணக்கைத் தப்பாகப் போடுகிறான். அதிபர் தர்மன் சண்முகரத்னம் பதவியேற்றது 2023 செப்டம்பர் 14ஆம் தேதி. பதவிக்காலம் ஆறு ஆண்டு. ஆகவே 2029இலேயே ஓர் அதிபர் தேர்தல் காத்திருக்கிறது. இடைத்தேர்தல் வந்தால் அதற்கும் முன்னால். பொதுத் தேர்தலோ, ஐந்து ஆண்டு முழுதும் ஓடி முடிந்த பிறகுதான் நடக்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தேர்தலை நடத்தச் சொல்லும் ஆணை பிறந்துவிட்டால், தேர்தல் முடியும்வரை பெயரைத் திரும்பச் சேர்க்க முடியாது. 2025இல் ஆணை பிறந்தது ஏப்ரல் 15, வாக்களிப்பு மே 3. 2020இல் ஜூன் 23, ஜூலை 10. இரண்டரை வாரம்தான். நம்மில் பலருக்குத் தேர்தல் நினைப்பு வருவதே ஆணை பிறந்த செய்தியைக் கேட்ட பிறகுதான். அந்தச் செய்தி காதில் விழும்போது கதவு சாத்தியாகிவிட்டது.

செய்ய வேண்டிய வேலை சிறியது. தேர்தல் துறை இணையத்தளத்தின் வாக்காளர் சேவைப் பகுதியில் மகன் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தின் வழி நுழைந்து தன் நிலவரத்தைப் பார்க்கட்டும். பெயர் இல்லையென்றால் மீண்டும் சேர்க்க அங்கேயே விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கமில்லாதவர்களுக்குச் சமூக மன்றங்களில் உதவி கிடைக்கும். தக்க காரணம் இல்லாமல் வாக்களிக்காதவர் 50 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டில் படிப்பு, வேலை, சுற்றுலா, உடல்நலக் குறைவு, பிரசவம் ஆகியவை தக்க காரணங்கள். அவற்றுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் மகன் காலணாக் கட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகக் கடிதம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

மேற்படிப்புக்கு அவன் மறுபடியும் கிளம்பினால், இந்த முறை வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளட்டும். தகுதித் தேதிக்கு, அதாவது பதிவேட்டைத் தயாரிக்கக் கணக்கில் எடுக்கும் தேதிக்கு, முந்தைய மூன்று ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது சிங்கப்பூரில் இருந்திருந்தால் போதும். லண்டன், தோக்கியோ, கான்பரா, துபாய் உட்பட பத்து நகரங்களில் வாக்களிப்பு நிலையங்கள் உண்டு. பெர்த்திலிருந்து கான்பரா போவதற்குள் சிங்கப்பூருக்கே வந்துவிடலாம் என்பதும் உண்மை! அதற்காகத்தான் 2023 முதல் அஞ்சல் வாக்கு வந்திருக்கிறது. சீட்டைத் தானே அச்சிட்டு, குறியிட்டு, வாக்களிப்பு நாளுக்கு முன்பே அஞ்சல் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். வாக்களிப்பு நாளுக்குப் பின் பத்து நாளுக்குள் அது இங்கே வந்து சேர வேண்டும்.

மகள் எங்கேயும் போய்ப் பதிய வேண்டாம். 21 வயதான குடிமக்களின் பெயர் தானாகவே ஏறிவிடும். வாக்களிப்பு நாளில் 21 நிறைந்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. தகுதித் தேதியில் நிறைந்திருக்க வேண்டும். 2025 தேர்தலுக்கு அந்தத் தேதி பிப்ரவரி 1. 2004 மார்ச்சில் பிறந்த ஒரு பெண் மே 3 அன்று 21 வயதானவள்தான், ஆனாலும் அவளுக்கு வாக்கு இல்லை. உங்கள் மகளுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஒரு தடவை சரிபார்த்தால் போதும். வீடு மாறினால் 28 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியையும் மாற்றிவிட வேண்டும். எந்தத் தொகுதியில் வாக்களிப்பது என்பதை அந்த முகவரிதான் தீர்மானிக்கிறது.

இனி உங்கள் மாமியார். அவருடைய கேள்வியை நான் ரசித்தேன். ஊரில் வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலுக்கே போய்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டவர்களுக்கு, இங்கே எந்த வாசல் என்று தெரியாமல் போவது இயல்பு.

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் தனி உள்ளாட்சித் தேர்தல் இருந்தது. 1957 டிசம்பரில் நகரசபையின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் சுயாட்சி வந்தபின் நகரசபையின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. வாக்களிப்பு கட்டாயமானதும் அந்த 1959 தேர்தலிலிருந்துதான். அதற்கு முன் 1955 சட்டமன்றத் தேர்தலில் பதிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் வாக்களித்திருந்தார்கள்.

தனித் தேர்தல் போனாலும் தெருவிளக்குக் கேள்வி போகவில்லை. 1986இல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988 சட்டத்தின்படி எங்கும் வந்தவை நகர மன்றங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களே அவற்றை நடத்துகிறார்கள். மாதாமாதம் நீங்கள் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் போகிறது. மின்தூக்கி நின்றுபோனால், தாழ்வார விளக்கு எரியாவிட்டால், கீழ்த்தளம் கூட்டாமல் கிடந்தால் பொறுப்பு அந்த மன்றத்துக்கு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மின்தூக்கியின் அருமையை நானோ நீங்களோ எடுத்துச் சொல்ல வேண்டுமா? "அத்தை, ஊரில் நீங்கள் பஞ்சாயத்துக்கும் சட்டசபைக்கும் தனித்தனியாகப் போட்ட இரண்டு ஓட்டையும் இங்கே ஒரே சீட்டில் போடுகிறீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கடமை, உரிமை என்று பேசுவதைவிட இது எடுபடும். வயதானவர்களிடம் கடமையைப் பற்றி நாம் பேசுவது எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஓட்டு எந்த மூலைக்கு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2011இல் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பொத்தோங் பாசிர் தனித்தொகுதியில் வென்றவருக்கு 7,992 வாக்கு, தோற்றவருக்கு 7,878. வித்தியாசம் 114. ஈசூனில் உங்கள் புளோக்கில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு அதிபர் தேர்தலில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் முடிவைத் தீர்மானித்தது 7,382 வாக்கு வித்தியாசம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991 முதல் 2011 வரை போட்டியே இல்லாததால், அங்கேயே குடியிருந்தவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் பொதுத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை. 2025இலும் மரின் பரேட் – பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் போட்டி இல்லை. அப்படிப்பட்ட தொகுதியில் வாக்களிக்காதவர் பெயர் நீக்கப்படாது.

எண் பற்றிய பயத்தை மட்டும் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். சீட்டில் வரிசை எண் இருப்பது உண்மை. போலிச் சீட்டு புகாமல் இருக்கவும், ஒருவர் பெயரில் இன்னொருவர் வாக்களித்ததாக வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்க்கவும்தான் அந்த எண். எண்ணிக்கை முடிந்ததும் சீட்டுகளும் அவற்றைக் கிழித்தெடுத்த அடிக்கட்டைகளும் தனித்தனியாக முத்திரையிடப்பட்டு, உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் இருக்கும், பிறகு எரிக்கப்படும். நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரும் திறக்க முடியாது. நாங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த நாள்களில், எந்த எண்ணுள்ள சீட்டு யாரிடம் போனது என்று நினைவில் வைத்துக்கொள்ளும் தெம்பு எங்களில் எவருக்கும் இருந்ததில்லை. மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது வரும் என்பதுதான் நினைவு. இதையும் அவரிடம் சொல்லலாம்.

வாக்களிப்பு காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. விடிந்ததும் போய் முதலாவதாக நிற்க வேண்டும் என்று முதியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள், கூட்டமும் அப்போதுதான் அதிகம். பிற்பகலில் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் முன்னுரிமை வரிசை உண்டு. அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் கையில் இருக்கட்டும். அட்டை தொலைந்துபோனால் சிங்பாஸ் வழி மின்னட்டை எடுத்துக்கொள்ளலாம். கை நடுங்கினாலோ பார்வை மங்கினாலோ அவருக்காகக் குறியிட நிலையத்தின் அதிகாரியைக் கேட்கலாம். நீங்களோ உங்கள் கணவரோ கூடவே மறைவிடத்துக்குள் போக முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரியவந்தால் பதறிப்போவார்.

அவரைக் கூட்டிப்போகும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். வாக்காளர்களை வண்டியில் கொண்டுபோவதற்குத் தேர்தல் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. குடும்பத்தாரைக் கூட்டிப்போவதோடு நின்றுகொள்ளுங்கள். மற்றவர்களுக்கென்றால் தேர்தல் துறையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.