ஜூனிப்பரும் கத்தரியும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன்சாய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சென்ற ஆகஸ்டில் சாலையோரம் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரம் ஒன்று வாங்கினேன். நியூ ஜெர்சியில் அபார்ட்மெண்ட் வாசம்; ஜன்னலோர மேஜையில் வைத்திருக்கிறேன். புதர் மாதிரி இருக்கிறதே தவிர மரமாகத் தெரியவில்லை. கம்பி, கத்தரி, புதுத் தொட்டி எல்லாம் வாங்கியாயிற்று. இந்தச் சனி ஞாயிறில் முடித்துவிடலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

சனி ஞாயிறில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மண்மேல் இருக்கும் கூழாங்கல்லைப் பெயர்த்தெடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வண்டியில் வரும்போது மண் சிந்தாமலிருக்கச் செய்வது. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் பாதி அதன்மேல் வழிந்து வெளியே ஓடிவிடும். ஸ்பூன் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினால் கடலைமிட்டாய் மாதிரி துண்டு துண்டாக வரும். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், மரம் வெளியே போகட்டும். ஜூனிப்பருக்கு நேர்வெயிலும் வேண்டும், குளிர்கால உறக்கமும் வேண்டும். எட்டு மாதம் உள்ளேயே இருந்திருக்கிறது, அதனால் உறைபனி நின்றபிறகு ஒரு வாரம் அரைநிழலில் வைத்துப் பழக்குங்கள்.

‘பச்சையாகத்தானே இருக்கிறது’ என்பீர்கள். என் முதல் ஜூனிப்பரும் அப்படித்தான் இருந்தது. ஒரே நாளில் வெட்டி, கம்பி கட்டி, வேரைக் கழுவித் தொட்டியும் மாற்றினேன். ஐந்து வாரம் பச்சையாக நின்றது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். ஆறாவது வாரம் தொட்டதும் உதிர்ந்தது. உயிர் போய் வெகுநாள் ஆகியிருக்கும், நான்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடையில் கத்தரியைத் தொடவேண்டாம். நுனிகளில் இளம்பச்சைத் தளிர் வந்தால் மரம் தேறிவிட்டது என்று அர்த்தம். செப்டம்பரில் வெட்ட உட்காரலாம். நம் ஊர் ஆல், அத்தி பார்த்த கைக்கு வெட்டினால் துளிர்க்கும் என்ற நம்பிக்கை உண்டு. ஜூனிப்பரில் அது நடக்காது. பச்சையே இல்லாமல் மழித்த கிளை அநேகமாகக் காய்ந்துதான் போகும். ஆகவே முதலில் காய்ந்த பழுப்பு, பிறகு கிளைக்கு அடியில் தொங்குவது, கவட்டில் முளைத்தது, இவ்வளவுதான் எடுக்கவேண்டும். அதிலேயே அடிமரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். தண்டை ஒட்டிய சின்னத் துளிர்களை விட்டுவையுங்கள், நாளைக்குக் கிளையாகப்போவது அதுதான். புதிதாகச் செய்கிறவர்கள் உள்பக்கத்தை மழித்து நுனியில் மட்டும் கொத்து விடுவார்கள். பூடில் நாயின் வால்தான் மிஞ்சும்.

வேண்டாத கிளையை ஒட்ட வெட்டாதீர்கள். இரண்டு அங்குலம் விட்டுப் பட்டையை உரித்தால் வெளுத்த கட்டையாக நிற்கும். ஜப்பானியர் இதை ஜின் என்பார்கள். கிளையை வளைக்க, அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு உள்ள அலுமினியக் கம்பி போதும். 45 டிகிரி சாய்வில் கிளைமேல் சுற்றுங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் வெட்டி எடுங்கள், திருகிக் கழற்றப்போனால் கிளை ஒடியும்.

படத்தில் இருப்பது புரோகம்பன்ஸ் நானா என்ற ஜூனிப்பர் வகை போலத் தெரிகிறது. தெற்கு ஜப்பான் கடலோரத்தில் தவழ்ந்து வளரும் இனம். அதை நிமிர்த்தி நிறுத்தப் படாதபாடு படுகிறார்கள். எனக்கென்னவோ தொட்டி விளிம்பைத் தாண்டி வழியவிடுவதுதான் அதற்கு அழகு. நிமிர்ந்த ஜூனிப்பர் பார்க்க ஆசையென்றால் காரை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போங்கள். அங்கே நேஷனல் ஆர்போரேட்டம் என்ற மரத்தோட்டத்தில், அமெரிக்க போன்சாய் கலைஞர் ஜான் நாக்காவின் ‘கோஷின்’ இருக்கிறது. பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 11 மரங்கள் கொண்ட காடு. 1948-ல் தொடங்கி, 1984-ல் அங்கே கொடுத்தார். வெளுத்த உச்சிகளைப் பார்த்தால் ஜின் எதற்கென்று புரியும்.

புதுத் தொட்டி அடுத்த வசந்தம் வரை அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். கல்லை எடுத்ததும், அடிமரம் மண்ணிலிருந்து கிளம்பும் இடத்தை நாலு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் எது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.