குடத்தில் தண்ணீர் இல்லை – கடிதமும் பதிலும்

வணக்கம் டீச்சர்,

கோலாலம்பூரில் தொலைக்காட்சிப் படங்களில் உதவியாளாக வேலை செய்கிறேன். பிறந்தது பேராக்கில் ஒரு தோட்டத்தில். வேலைக்குப் போன புதிதில் லைட்காரர் ஒருவர் "சி-47 எடுத்து வா" என்று அனுப்பினார். வேன் முழுக்கத் துழாவினேன். கடைசியில் பார்த்தால் அது துணி காயப்போடும் மரக் கிளிப்பு. செட்டே சிரித்தது. அங்கே பேசுகிற பாதிச் சொற்கள் இன்னும் புரியவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் முன்போல் பார்க்க முடியவில்லை. சாவுக் காட்சியில்கூட, விளக்கை எந்தப் பக்கம் வைத்திருப்பார்கள், எத்தனையாவது டேக்கில் ஓகே ஆகியிருக்கும் என்றே மனம் ஓடுகிறது. பக்கத்தில் அம்மா அழுகிறார், நான் "அது கிளிசரின்மா" என்கிறேன். என் ரசனை செத்துவிட்டதா? நம் நாட்டில் நமக்கென்று ஒரு சினிமா மரபு இல்லாததும் காரணமாக இருக்குமோ? செட்டுச் சொற்களுக்கு விளக்கமும், நான் பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலும் தந்தால் நல்லது. மூன்று மாதமாகச் சம்பளமும் வரவில்லை, ஒருவேளை அந்தச் சலிப்போ என்னவோ.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். அங்கே என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள், அரை நாளில் உன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போன வாரம் தோட்டத்துப் படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. மாட்டிக்கொண்டாய்.

சொற்களை முதலில் முடித்துவிடுவோம். சூடேறிய விளக்கின் தகரக் கதவில் வண்ணத்தாள் மாட்டப் பிளாஸ்டிக் கிளிப்பு உதவாது, உருகிவிடும். அதனால்தான் மரக் கிளிப்பு. சி-47 என்ற பெயர் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதையும் நம்பாதே. அன்றைய கடைசி ஷாட்டுக்கு மார்டினி என்பார்கள். அதற்கு முந்தியதற்கு ஆபி சிங்கர், அது ஹாலிவுட் உதவி இயக்குநர் ஒருவரின் பெயர். சென்னை ஆள் யாராவது "ஃபீல்டுல நிக்காதே" என்று கத்தினால், கேமராவின் பார்வையிலிருந்து விலகு என்று அர்த்தம். பேட்டா என்றால் அன்றாடப் படி. பூசணிக்காய் உடைத்தாச்சு என்றால் படப்பிடிப்பு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். நம்மூர் செட்டில் இயக்குநர் தமிழர், லைட்காரர் சீனர், டிராலி தள்ளுபவர் மலாய்க்காரர். "மக்கான்", அதாவது சாப்பாடு, என்ற ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். மற்றதெல்லாம் காதில் விழ விழத் தானாக வந்துவிடும். இதற்கெல்லாம் டீச்சருக்குக் கடிதம் எழுதக் கூடாது.

பட்டியல் தரமாட்டேன். பட்டியலை வைத்துக்கொண்டு படம் பார்ப்பவர்கள் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

நமக்கு மரபு இல்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய ஸ்டூடியோவில், போருக்குப் பிறகு மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரமான பி. ரம்லியை 1950-இல் முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த மனிதர். தமிழில் எடுத்தால்தான் நம்முடையதா? சரி, விடு. அதைத் தொட்டால் இந்தப் பதில் முடியாது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். 1970 என்று திரையில் எழுத்துப் போட்டார்கள். அடுத்த காட்சியில் லயத்து வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஆறே முக்கால் காட்டுகிறது, வெளியே கும்மிருட்டு. தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது 1982 ஜனவரி 1-இல். அதற்கு முன்பு ஆறே முக்காலுக்கு வெளிச்சம் வந்திருக்கும், பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு முடிந்து ஆட்கள் தங்கள் மர நிரைக்குப் போய் வேலை பாதி ஓடியிருக்கும். இது சின்னத் தப்பு, கடிகாரம் வைத்த பையனை மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது அதற்கடுத்த காட்சி.

கதாநாயகி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். உச்சி வெயில். தலையில் புதுத் துண்டு, கையில் பளபளக்கும் கத்தி. மரத்தில் ஒரு கோடு இழுக்கிறாள், பால் குபுகுபுவென்று வழிந்து, மரத்தில் மாட்டிய கோப்பையான மங்கு நிறைகிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிறாள், பின்னால் புல்லாங்குழல். அப்படியே மங்கை எடுத்து வாளியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.

தம்பி, உன் பாட்டி நிச்சயம் பால் வெட்டியிருப்பார், கேட்டுப் பார். விடிவதற்கு முன்பே வெட்டுவது எதற்காக? பட்டைக்குள் பால் அழுத்தமாக நிற்பது அந்த நேரத்தில்தான். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்தி, இதுதான் வெட்டுக்காரியின் கோலம். மரத்திடம் போனதும் கத்தியை வைக்க மாட்டார்கள். முந்தின வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரு முனையில் பிடித்து நாடா மாதிரி உரித்து இடுப்புப் பையில் போடுவார்கள். அதற்கும் எடை உண்டு, காசு உண்டு. அப்புறம் மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைப்பார்கள். அதற்கப்புறம்தான் வெட்டு. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, பட்டையில் மெல்லிய சீவல் மட்டும் வரும்படி. ஆழமாகப் போனால் மரம் காயப்படும், பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும். வெட்டியதும் அடுத்த மரம். நின்று பார்ப்பதெல்லாம் கிடையாது. நானூறு ஐந்நூறு மரம் காத்திருக்கிறது. மங்கு நிறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், பால் எடுப்பது தனி வேலை. பால் வழிவதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றால் மேற்பார்க்கும் மண்டோர் என்ன சொல்வார் என்று இங்கே எழுத முடியாது.

ஏன் உச்சி வெயிலில் எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு ஒரு குழு வந்தது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 1948 ஜூன் 16-ஐத் தேடித்தான் வருவார்கள். மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டு நாட்டில் அவசரகாலம் வந்த கதை. இவர்கள் நல்ல வேளையாகக் குடும்பக் கதை எடுக்க வந்தவர்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் முக்கால்வாசி செம்பனையாகிவிட்டது, ரப்பர் மரம் கிடைக்காமல் ஒரு மலாய்க்காரரின் சிறுதோட்டத்தைப் பிடித்தார்கள். நடிகைக்குச் சொல்லிக்கொடுக்க என் சின்னம்மாவை அழைத்தார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்து முதுகு வளையும்வரை பால் வெட்டியவர்.

சின்னம்மா ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். குழு எட்டு மணிக்கு வந்து நாசி லெமாக் சாப்பிட்டது. இருட்டில் எடுத்தால் என்ன என்று கேட்டேன். விளக்கு வாடகை, ஜெனரேட்டர், ஓவர்டைம் என்று தயாரிப்பு நிர்வாகி விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். சரி, ஏழைப் படம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து.

முதல் டேக்கில் ஃபோகஸ் போனது. இயக்குநர் "ஒன் மோர்" என்றார். நடிகை மறுபடியும் கத்தியை எடுத்தாள். சின்னம்மா எழுந்து போய்க் கையைப் பிடித்துவிட்டார்.

"இதே மரத்துலயா? இன்னிக்கு இது முடிஞ்சது. நாளைக்கும் கிடையாது, நாளான்னைக்குத்தான்."

உதவி இயக்குநர் சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு டேக்குக்கும் புது மரம் என்று தீர்ப்பாகிவிட்டது. கன்டினியூட்டி பார்க்கும் பெண் பாவம், அழாத குறை. ஒரு மரத்தில் பாசி இருக்கிறது, இன்னொன்றில் முடிச்சு இருக்கிறது, எப்படி ஒட்டுவது என்று புலம்பினாள். மதியத்துக்குள் எட்டுகிற மரமெல்லாம் தீர்ந்துபோனது. கலை உதவியாளர் கெட்டிப்பால் டின் ஒன்றை உடைத்துத் தண்ணீரில் கலக்கி, பழைய கோட்டில் ஊற்றினார். அது கோட்டில் நிற்காமல் பட்டை முழுக்க வழிந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்பு. படத்தில் வந்தது அந்த ஷாட்தான். பிறகு வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சின்னம்மா சொன்னார்: "மழை நாள்ல வெட்டியிருக்கா. எவ அனுப்பினா இவள?"

ஈரப் பட்டையில் வெட்டினால் பால் அப்படித்தான் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அதனால்தான் மழைக்காலையில் வேலை கிடையாது. டின்பாலைக் கண்ணால் பார்த்தவர் அவர், எறும்பைத் தட்டிவிட்டவரும் அவர். இருந்தும் படம் ஓடும்போது அந்தப் பாத்திரம் மழையில் வெட்டிவிட்டதே என்றுதான் பதறினார். அதே படத்தில், வெட்டி முடித்ததும் நடிகை இடது கையை இடுப்புச் சேலையில் துடைத்துக்கொள்ளும் ஒரு நொடி இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சின்னம்மாவைப் பார்த்துப் பார்த்து அவள் கைக்கு வந்துவிட்டது. எடிட்டர் ஏனோ வெட்டாமல் விட்டுவிட்டார். சின்னம்மா என் தொடையில் அடித்து, "பாத்தியா, தொடச்சா பாத்தியா" என்றார். தோட்டத்தைப் பற்றி இத்தனை படம் எடுத்த இந்த நாட்டில், அந்த ஒரு நொடிக்கு நான் விருது கொடுப்பேன்.

அவர் எப்போதுமே அப்படித்தான் படம் பார்ப்பார். நான் சிறுமியாக இருந்தபோது சம்பளம் போட்ட வாரம் தோட்டத்துத் திடலில் படம் போடுவார்கள். வேன் வரும், வெள்ளைத் துணி கட்டுவார்கள், பாயும் கோணியும் போட்டு இடம் பிடிப்போம். ஒரே புரொஜெக்டர் என்பதால் முக்கால் மணிக்கொரு தடவை சுருள் மாற்றப் படம் நிற்கும், அப்போது கச்சாங் பூத்தே கடலை வாங்கலாம். கதாநாயகி குடத்தை இடுப்பில் வைத்து ஆற்றங்கரையிலிருந்து வருவாள். சின்னம்மா சத்தமாக, "குடத்துல தண்ணி இல்லடி" என்பார். திடலே சிரிக்கும். குழாயடியிலிருந்து தினமும் தண்ணீர் சுமந்த பெண்களுக்கு இடுப்பைப் பார்த்தாலே தெரியும், நிறைகுடம் வைத்தவள் அப்படி ஆட்டி நடக்க முடியாது. அதே கதாநாயகி கடைசிச் சுருளில் செத்தபோது, அதே சின்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

நீ கிளிசரினைக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கண்டுபிடித்ததில் தப்பில்லை. உன் அம்மாவுக்கு அது தெரியாது என்று நினைத்தாய் பார். தெரியும் தம்பி. விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று நீ தாராளமாகப் பார், அது உன் தொழில். அந்த விளக்கு யார் முகத்தில் விழுந்தது என்பதையும் பார்.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். உங்கள் ஆட்கள் ரப்பர்க் காட்டில் எடுப்பதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் எச்சரிக்கையாக இருக்கச் சொல். இலை உதிர்கிற காலம். ஜனவரியில் பாதி, மார்ச்சில் பாதி என்று எடுத்தால், கதாநாயகன் நிழலில் பேச ஆரம்பித்து மொட்டை மரத்தடியில் முடிப்பான்.

இப்போது கடைசி வரிக்கு வருகிறேன். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்பதைச் சலிப்புக்குக் காரணமாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். தோட்டத்தில் கூலி சொற்பம், அதை யாரும் புகழ வேண்டாம். ஆனால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயர் இருந்தது, சம்பள நாள் என்று ஒன்று இருந்தது, 1954-இல் ஒன்றிணைந்த தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. சென்னையில் லைட்மேனுக்கும் சங்கம் உண்டு, மேக்கப்காரருக்கும் சங்கம் உண்டு, எல்லாம் ஃபெப்சி என்ற திரைத் தொழிலாளர் கூட்டமைப்பின்கீழ். நீ என்னடா என்றால் ரசனை செத்துவிட்டதா என்று என்னிடம் கேட்கிறாய்.

உன்னைத் தொழிலாளியாக வைத்திருந்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போ. "நீ ஃப்ரீலான்ஸ், அந்தச் சட்டம் உனக்கு இல்லை" என்பார்கள். இருக்கட்டும். 5,000 ரிங்கிட் வரையிலான பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீயே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டியதில்லை. அதற்கு முன் வேலை செய்த தேதிகளைத் தாளில் எழுதி, தொகையைப் போட்டு, கையெழுத்திட்டு அனுப்பு. அன்றன்றைய படப்பிடிப்புத் தாளான கால்ஷீட்டில் உன் பெயர் இருக்கும், அதைப் பத்திரப்படுத்து. "அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி" என்று வாட்ஸ்ஆப்பில் சொல்லியிருப்பார்கள், அதையும் அழித்துவிடாதே.

அன்புடன்,
டீச்சர்
சுங்கை சிப்புட்