ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்கும் ஏற்ற வகுப்பறை: ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அறையைக் கவனியுங்கள். மினுக்கும் குழல்விளக்கு, நாற்காலி இழுபடும் சத்தம், சுவர் முழுக்கப் படங்கள் என நாம் கண்டுகொள்ளாத விஷயங்களே ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைத் திணறடிக்கும். நாற்காலிக் காலுக்கு ரப்பர் மூடி போடலாம், பலகையைச் சுற்றியுள்ள சுவரை வெறுமையாக விடலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

அப்புறம், அன்றைய பாட வரிசையைப் படமாகவோ எழுத்தாகவோ பலகையில் வையுங்கள். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏடிஹெச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதும் அடங்கி உட்காருவதும் கடினமாக இருக்கும் நிலை) உள்ளவர்களுக்கும் இது உதவும். "நோட்டை எடு, தேதி போடு, மூன்றாவது கணக்கைச் செய்" என்று ஒரே மூச்சில் சொன்னால், அவர்களில் பலருக்குப் பாதிதான் மனதில் நிற்கும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஒருவருக்கு அசைவு தேவை, பக்கத்தில் இருப்பவருக்கு அமைதி தேவை. பின்பக்கம் நின்றுகொண்டே எழுத ஓர் இடம், வேறொரு மூலையில் சத்தம் குறைந்த இடம் என்று பிரித்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். சிலருக்கு ஆட்டிசம், ஏடிஹெச்டி இரண்டும் சேர்ந்தே இருக்கும். 2013இல் டிஎஸ்எம்-5 என்ற ஐந்தாம் பதிப்பு வரும்வரை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இரண்டையும் ஒருவருக்கே சேர்த்துக் கண்டறிய அனுமதிக்கவில்லை. பிள்ளையின் பழைய மருத்துவ அறிக்கையில் ஒன்று மட்டும் இருந்தால் அதையே முடிவாகக் கொள்ள வேண்டாம்.

"என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்தாதீர்கள். வேறெங்கோ பார்த்தபடியும் கேட்க முடியும். துறுதுறுவென்று இருந்ததற்காக இடைவேளையைப் பறிப்பதுதான், என்னைக் கேட்டால், இருப்பதிலேயே மோசமான தண்டனை. ஓடியாட வேண்டிய பிள்ளையை அடுத்த பாடத்துக்கும் அடக்கி உட்காரவைத்தால் படபடப்பு கூடத்தான் செய்யும்.