குற்றவியல் வேறு, தடயவியல் வேறு

கேள்வி: பி.ஏ. குற்றவியல் முடிக்கப் போகிறேன். எம்.எஸ்சி. தடயவியல் படித்து ஆய்வகத்தில் வேலைக்குச் சேர முடியுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சிரமம். குற்றவியல், குற்றம் ஏன் நடக்கிறது என்று பார்க்கும் சமூக அறிவியல். தடயவியல் அப்படியல்ல. ரத்தக்கறை, விஷம், தோட்டா என்று ஆய்வகத்துக்கு வருவதெல்லாம் வேதியியல், உயிரியல், இயற்பியல் சமாச்சாரம். அதனால் எம்.எஸ்சி. சேர்க்கைக்குப் பொதுவாக அறிவியல் பட்டம் கேட்பார்கள். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்திருந்தாலும் போதாது. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் தகுதிப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

எம்.ஏ. குற்றவியல் உங்கள் ஊர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. கல்லூரி ஆசிரியர் ஆசை இருந்தால் முதுகலையில் 55 சதவீதத்துக்குக் குறையாதீர்கள். யுஜிசி நெட் தேர்வில் பொதுப் பிரிவுக்கு அதுதான் வரம்பு. குற்றவியல் அதில் தனிப் பாடம்.

எங்களைக் கேட்டால், மூன்றாண்டு சட்டப் படிப்புக்குத்தான் முதல் ஓட்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பணிக்குச் சட்டப் பட்டம் வேண்டும் (ஒப்பந்த வேலைதான், அதையும் கணக்கில் வையுங்கள்). அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்கு அதற்கு மேல் குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டு வாதாடிய அனுபவம் கேட்பார்கள்.

கேள்வி: எஸ்.ஐ. தேர்வில் பையன்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்? (வாசகர், தேனி)

பதில்: முதலில் தமிழ்த் தகுதித் தேர்வில். 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்தது மார்பளவு: சாதாரணமாக 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 4 விரிந்தால் வீட்டுக்குத்தான். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் அது மூன்றே முக்கால் சுற்று, அதாவது சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் பறந்துவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: அண்ணனின் பழைய இந்திய தண்டனைச் சட்டப் புத்தகத்தை வைத்தே படிக்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. கொலைக்குப் பிரிவு 302 என்று எழுதினால் தப்பு, இப்போது 103. புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு! திருட்டுக்கான 379, 303(2) ஆகிவிட்டது. புதுப் புத்தகம் வாங்குங்கள். பழையதை எடைக்குப் போடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னமும் பழைய பிரிவுகள்தான்.